உதவும் குணத்தைக் கேப்டனுக்குப் பயிற்சிக்குள்ளேயே பழக்குவது எப்படி? (15 வயதுக்குட்பட்ட கால்பந்து அணி)

தடுப்பாட்டம்:
நான் பயிற்சி கொடுக்கும் அணியில் 18 பேர். கேப்டன்தான் இருப்பதிலேயே நல்ல ஆட்டக்காரன். ஆனால் யாராவது பாஸைத் தவறவிட்டால் கத்துகிறான், பயிற்சி முடிந்தால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறான். கோன், பந்து பொறுக்குவதெல்லாம் எப்போதும் புதுப் பையன்கள். "மத்தவங்களையும் பாரு" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வேறு வழி உண்டா?

கோடுபோடுபவர்:
சொல்றதை விட்டுட்டு வேலையாப் பிரிச்சுக் கொடுங்க. மூணு மூணு பேரா ஆறு குழு. ஒவ்வொண்ணுலயும் பழைய ஆள் ஒருத்தன், புதுசா வந்தவன் ஒருத்தன். வாரம் ஒரு குழுவோட முறை. முதல் வாரம் கேப்டன் குழு. 12 பந்து இறங்கினா 12 பந்து பைக்குள்ள திரும்பணும், ஒண்ணு குறைஞ்சாலும் எல்லாரும் தேடிட்டுத்தான் கிளம்பணும்.

இதைத் தண்டனையா மட்டும் ஆக்கிடாதீங்க. "லேட்டா வந்தவன் கோன் எடு"ன்னு ஒரு தடவை சொன்னாப் போதும், அது மட்டமான வேலைன்னு பையன்க மனசுல பதிஞ்சிடும். அப்புறம் கேப்டன் குனியவே மாட்டான்.

நியூசிலாந்து ரக்பி அணி ஆல் பிளாக்ஸ்ல சீனியர்களே டிரஸ்ஸிங் ரூமைக் கூட்டுற வழக்கம் உண்டு. 2018 உலகக் கோப்பையில பெல்ஜியத்துகிட்ட 3-2னு தோத்து வெளியேறின அன்னைக்கே ஜப்பான் அணி அறையைச் சுத்தம் பண்ணி, ரஷ்ய மொழியில நன்றி எழுதி வெச்சிட்டுப் போச்சு. ஜெயிச்ச நாள்ல யாரும் செஞ்சிடலாம்.

விசில்:
கத்துவதைப் பற்றி. "கத்தாதே" என்று மட்டும் சொன்னால் அவன் வாயை மூடிக்கொள்வான், ஆட்டத்தில் தகவல் சொல்ல ஆளிருக்காது. பதிலுக்கு வார்த்தை கொடுங்கள். பந்து வருவதற்கு முன்: "ஆள் வர்றான்", "திரும்பு", "நேரம் இருக்கு". தவறிய பிறகு "அடுத்தது", அவ்வளவுதான். ஐந்துக்கு ஐந்து ஆட்டம் 10 நிமிடம் வைத்து, முன்கூட்டியே குரல் வந்த பாஸுக்கு மட்டும் புள்ளி கொடுங்கள்.

இன்னொன்று, ஒரு சீனியரிடம் இரண்டு சிறுவர்களை வாரம் 10 நிமிடம் விடுங்கள். உள்பாதப் பாஸ் மட்டும் போதும். ஒரு முறைக்கு ஒரே திருத்தம்: ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா? அது சரியான பிறகுதான் உதைக்கும் காலின் கணுக்கால் இறுக்கம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் சிறுவன் இரண்டையும் கோட்டை விடுவான். நன்றாக ஆடுகிறவன்தான் இங்கே திணறுவான், யோசிக்காமல் செய்வதை வாயால் விளக்க வேண்டுமே! அந்தத் திணறலை நீங்கள் புகுந்து தீர்த்துவைக்காதீர்கள்.

முதலுதவிப்பெட்டி:
அடிபடும் நேரத்தையும் ஒத்திகை பாருங்கள். 2021 ஜூன் 12-ல் பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் டென்மார்க் வீரர் எரிக்சன் சுருண்டு விழுந்தபோது, அணியின் கேப்டன் சிமோன் கியார் ஓடிப்போய் உதவினார். வீரர்கள் எரிக்சனைச் சுற்றி அரணாக நின்று மறைத்தார்கள். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம்: ஒருவன் கோச்சைக் கூப்பிட, ஒருவன் பெட்டியை எடுத்துவர, கேப்டன் விழுந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுக்க. தூக்கி நிறுத்தக் கூடாது, தலையிலோ கழுத்திலோ அடி என்றால் அசைக்கவே கூடாது. பையன்கள் செய்யும் முதல் தவறு கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதுதான்.

தடுப்பாட்டம்:
நன்றி. கோன் எடுப்பதைப் படம் பிடித்து குரூப்பில் போடலாமா?

கோடுபோடுபவர்:
வேண்டாங்க. கேமரா வந்தா கேப்டன் எடுப்பான், கேமரா போனா கோனும் அங்கேயே கிடக்கும்.