லூக் கையில் மஞ்சள் வாள்: பழைய கலரிங் புத்தகம் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அமெரிக்காவில் சின்சினாட்டிக்குக் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சனிக்கிழமை காலையில் கராஜ் சேல், அதாவது வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் இடங்களைச் சுற்றுவது எனக்கு ஒரு வியாதி. போன மாதம் ஒரு வீட்டில், பழைய டோஸ்டருக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியில் 1977 என்று போட்ட, ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படத்தின் கலரிங் புத்தகம் கிடைத்தது. அந்தப் படத்துப் பொம்மைகளைச் செய்த கென்னர் கம்பெனியே போட்ட புத்தகம். கம்பெனி இருந்ததும் இதே ஊரில்தான். விலை இரண்டு டாலர்.

பாதிப் பக்கங்களுக்கு யாரோ ஒரு குழந்தை கலர் அடித்திருக்கிறது. பழுப்பு ரோமம் மூடிய செவ்பக்காவுக்குப் பச்சை. லியா இளவரசியின் வெள்ளை உடைக்கு ஊதா, அதுவும் கோட்டைத் தாண்டி. அழுத்தி அடித்ததில் கிரேயான் மெழுகு இன்னும் நகத்தில் ஒட்டுகிறது. கதாநாயகன் லூக்கின் ஒளிவாள் மஞ்சள். "படத்தில் நீலமாச்சே" என்று சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, 1978-இல் கடைக்கு வந்த லூக் பொம்மையின் வாளும் மஞ்சள்தான்! பொம்மையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்திருக்கும்.

தப்புக் கலர் என்றால் ஸ்நாகிள்டூத்தை விட முடியாது. மதுக்கடைக் காட்சியில் தலைகாட்டிவிட்டுப் போகும் ஒரு வேற்றுக்கிரக ஆசாமி. பொம்மை வடிவமைத்தவர்கள் கைக்கு வந்தது ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ, அதுவும் இடுப்புக்கு மேலே மட்டும். ஆள் நெட்டையா குட்டையா, சட்டை என்ன நிறம், காலில் என்ன போட்டிருக்கிறான், ஒன்றும் தெரியாது. சரி என்று நெட்டையாக்கி, நீலச் சட்டை மாட்டி, வெள்ளி பூட்ஸும் போட்டு, 1978-இல் சியர்ஸ் கடைக்கான மதுக்கடைப் பொம்மை செட்டில் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். படத்தில் அவன் சிவப்பு உடை போட்ட குள்ளன். பிறகு திருத்தி, குள்ளனாக, வெறுங்காலோடு விட்டார்கள். கோட்டுப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு எந்த கிரேயானை எடுப்பது என்று முழிக்கும் பிள்ளையும் அந்த வடிவமைப்பாளரும் ஒரே பெஞ்சுதான் என்று எனக்குப் படுகிறது.

உங்களுக்கு இப்படி ஏதாவது மாட்டியிருக்கிறதா?

* * *

எனக்கு மாட்டியது அந்த நீல ஸ்நாகிள்டூத் பொம்மை. பொம்மைச் சந்தையில் ஒருவர் "அசல் 1978" என்று சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தேன், பூட்ஸின் வெள்ளி அத்தனையும் துணியில் வந்துவிட்டது. போலி. இப்போது அது என் மேஜையில் பேப்பர்வெயிட்.

* * *

நான் ஜப்பானில் யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். இங்கே யமாத்தே மேட்டில் ஒரு தகரப் பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது, வந்தால் பாருங்கள். தகர ரோபோ விஷயம் நீங்கள் சொல்வதற்கு ஒரு படி மேலே. அதில் கலர் கடைசியில் வருவதில்லை, முதலில் வருகிறது. தட்டையான தகட்டில் படம் முழுவதையும் அச்சடித்துவிட்டு, பிறகுதான் அச்சில் அழுத்தி வளைத்து, தகட்டின் ஓரத்தில் நீட்டியிருக்கும் சின்னக் காதுகளைத் துளையில் செருகி மடக்குவார்கள். வளைக்குமுன் பார்த்தால் அது கலர் அடித்து முடித்த புத்தகப் பக்கம் மாதிரியே இருக்கும்.

அதனால்தான் பல ரோபோக்களின் நெஞ்சில் இருக்கும் மீட்டர், முள், திருகாணி எல்லாம் வெறும் படம். தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். என்னிடம் உள்ள ஒரு சின்ன தகரக் கார் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சரக்கு. கவிழ்த்து டார்ச் அடித்தால் உள்பக்கம் ஏதோ உணவு டப்பாவின் லேபிள் தலைகீழாகத் தெரிகிறது. தகரத் தட்டுப்பாட்டில் பழைய டப்பாக்களை வெட்டிப் பொம்மை செய்த காலம்.

* * *

தாளில் இருக்கும் படத்தைப் பொம்மையாக்குவது, அதற்குக் கலர் அடிக்கப் புத்தகம் போடுவது எல்லாம் 1977-இல் ஆரம்பித்த கதை இல்லை. விண்வெளி நாயகன் பக் ராஜர்ஸின் கதை 1929-இல் நாளிதழில் கறுப்பு வெள்ளைப் படக்கதையாக வந்தது. அதில் வரும் துப்பாக்கியை 1934-இல் பொம்மையாக்கி 50 சென்ட்டுக்கு விற்றது டெய்ஸி, மிச்சிகனில் காற்றுத் துப்பாக்கி செய்துகொண்டிருந்த கம்பெனி. விட்மன் பதிப்பகம் அடுத்த வருஷமே பக் ராஜர்ஸ் பெயின்ட் புத்தகம் போட்டது.

டெய்ஸியின் அந்தத் துப்பாக்கியை (மாடல் பெயர் எக்ஸ்இசட்-31) நியூ ஜெர்ஸி கண்காட்சி ஒன்றில் கையில் எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் பிரமாதம். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டிய சப்பட்டை. தாளில் எப்போதும் பக்கவாட்டிலேயே வரைந்த சாமான் வேறு எப்படி இருக்கும்! விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாகக் கீழே வைத்தேன்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி. மீதிப் பக்கங்களுக்குத் தான் கலர் அடிக்கலாமா என்று என் பெண் நேற்றுக் கேட்டாள். சேகரிப்பவர்கள் திட்டுவீர்கள், தெரியும். கொடுத்துவிட்டேன். படத்தில் வெள்ளையும் நீலமுமாக வரும் ரோபோ ஆர்2-டி2 இப்போது ஆரஞ்சு.