புதுப்பிப்பு: தையல் கடையில் தேங்கிய ரவிக்கைகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் கடையில் தீபாவளி ஆர்டர் குவிந்து, யார் துணி எந்த மூட்டையில் என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். ஒயிட்போர்டில் வெட்டு, தையல், ஹூக், இஸ்திரி என்று பிரித்து எழுதச் சொன்னீர்கள். எழுதினோம். ஆனால் பலன் தந்தது பலகை இல்லை. டொயோட்டா கார் கம்பெனியின் கான்பான் முறையில் (அடுத்த கட்டம் கேட்டால்தான் முந்தைய கட்டம் வேலை அனுப்பும்) வருவதுபோல, ஒரே நேரத்தில் இத்தனை துணிதான் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வைத்த உச்சவரம்பு. தையலில் இடம் காலியானால்தான் அடுத்த துணியில் கத்தரி படும். கட்டிங் மாஸ்டர் முதலில் முறைத்தார். இப்போது வெட்ட வேலை இல்லாத நேரத்தில் ஹூக் வைக்கிறார், முனகிக்கொண்டேதான்.

அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதியும் கைகொடுத்தது. கையில் இருக்கும் வேலையை, நாளுக்கு முடிகிற வேலையால் வகுத்தால் சராசரியாகக் காத்திருக்கும் நாள் வரும்: கையில் 40 ரவிக்கை, நாளுக்கு 8 முடிகிறது என்றால், 5 நாள். கவுண்டர் அக்கா இப்படித்தான் தேதி சொல்கிறார்.

சொந்தக்காரர்களின் “அவசரம்” வாட்ஸ்அப்புக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. யோசனை இருந்தால் சொல்லுங்கள்.