அரிச்சாவின் போர்கெட்டாத் திருவிழா: நேரில் சென்று உண்ணத் தகுந்ததா?

கேள்வி – ஊர்சுற்றி

செப்டம்பர் தொடக்கத்தில் ரோம் செல்லவிருக்கிறேன். அந்நகருக்குத் தென்கிழக்கே உள்ள அரிச்சா என்னும் சிற்றூரில் ஏறத்தாழ அதே நாட்களில் போர்கெட்டாத் திருவிழா நடைபெறும் என்று அறிகிறேன். போர்கெட்டா எனப்படும், எலும்பு நீக்கிச் சுட்ட பன்றி இறைச்சி இத்தாலியின் பல பகுதிகளிலும் கிடைக்கும்போது, அரிச்சாவுக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு? அப்பளம்போல நொறுங்குமாமே, அந்தத் தோலின் பக்குவத்தை வீட்டு அவனில் கொண்டுவர இயலுமா?

மறுமொழி – மிளகுச்சாறு

விழா 1950ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆனால் ஊரின் பெயரை உறுதிப்படுத்தியது, 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் அளித்த புவிசார் குறியீடுதான். அதன் விதிப்படி பெண் பன்றியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஆண் பன்றியின் இறைச்சியில் சில வேளைகளில் எழும் வாடை இதில் இராது. எலும்பை நீக்கியபின் உப்பு, மிளகு, பூண்டு, ரோஸ்மேரி ஆகியவற்றை உட்புறம் தேய்த்து, நூலால் இறுகக் கட்டிச் சுடுகிறார்கள். இத்தாலியின் உம்பிரியா பகுதியில் செய்யும் போர்கெட்டாவில் காட்டுப் பெருஞ்சீரகத்தின் மணம் மேலோங்கும். அரிச்சாவில் ரோஸ்மேரியே முன்நிற்கும். இரண்டையும் உண்டவன் என்ற முறையில், மிளகின் காரம் தெளிவாகத் தெரியும் அரிச்சா முறைக்கே என் வாக்கு. சூடாகத்தான் உண்ண வேண்டும் என்று எண்ணாதீர்கள். ஆறியபின் வெட்டி, ரொட்டிக்குள் வைத்துத் தருவதே அங்கு வழக்கம்.

மறுமொழி – அடுப்படி

வீட்டில் இயலும், முழுப் பன்றி தேவையில்லை. தோலோடு கூடிய வயிற்றுப் பகுதியில் மூன்று கிலோ அளவுக்கு வாங்கி, மசாலையை இறைச்சிப் பக்கம் மட்டும் தடவிச் சுருட்டிக் கட்டுங்கள். தோலில் ஈரம் இருக்கும்வரை அது மொறுமொறுப்பாகாது. ஆகவே நன்றாகத் துடைத்து, கூரிய முனையால் நெருக்கமாகக் குத்தி, உப்புத் தேய்த்து, மூடாமல் ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பிறகு 150 பாகை செல்சியசில் மூன்று மணி நேரம் போலச் சுட்டால் தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் இளகும். இறுதியில் வெப்பத்தை 230 பாகைக்கு உயர்த்தினால், எஞ்சிய நீர் ஆவியாகித் தோலை உப்பச் செய்யும். இந்தக் கடைசி அரை மணி நேரம் அடுப்பை விட்டு நகரக் கூடாது, ஏனெனில் பொன்னிறத்திலிருந்து கருகலுக்குச் செல்லச் சில நிமிடங்களே போதும். சுட்டு எடுத்தபின் தாளால் மூடி வைத்தால் நீராவி பட்டுத் தோல் மீண்டும் தொய்ந்துவிடும்.

மறுமொழி – வழிப்போக்கன்

விழா நாளில் கூட்டம் மிகுதி என்பதால், உணவுக்காக மட்டுமே செல்வதாயின் சாதாரண வார நாளையே பரிந்துரைப்பேன். அவ்வூரில் ஃபிராஸ்கெட்டா எனப்படும் எளிய உணவகங்கள் நிறைய உள்ளன. அங்கே அமர்ந்து, பக்கத்து ஊரான ஜென்சானோவின் ரொட்டியுடனும் அப்பகுதியின் வெள்ளை ஒயினுடனும் உண்ணலாம். கேட்டு வாங்காவிட்டால் தோல் குறைவாகவே தட்டில் விழும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ரோமின் அனாக்னினா மெட்ரோ நிலையத்திலிருந்து கோத்ரல் நிறுவனத்தின் பேருந்து உண்டு. ஊர்ச் சதுக்கத்தில் கட்டடக் கலைஞர் பெர்னீனி வடிவமைத்த தேவாலயமும் அதன் எதிரே கீஜி மாளிகையும் இருப்பதால், உண்ணும் முன்பே அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. உண்டபின் நடக்க மனம் வராது.