கதை முடிந்த பிறகு கட்டுரை எதற்கு? எதிர்காலத் தொழில்நுட்பக் கதைத் தொகுப்புகள் குறித்து ஒரு கேள்வி

கடைசிப்பக்கம் கேட்டது:

அறிவியல் புனைகதைகளைத் தொடர்ந்து வாசிக்கும் நண்பர்களுக்கு வணக்கம். 2021இல் வெளிவந்த ‘ஏஐ 2041’ தொகுப்பை அண்மையில் வாசித்து முடித்தேன். சீன எழுத்தாளர் சென் சியூஃபான் எழுதிய பத்துக் கதைகளும், அவை ஒவ்வொன்றின் இறுதியிலும் அதில் வரும் தொழில்நுட்பத்தை விளக்கிச் செயற்கை நுண்ணறிவு வல்லுநர் காய்-ஃபூ லீ எழுதிய கட்டுரையுமாக அமைந்த நூல் அது. மும்பையில் நிகழும் கதையில், ஒரு குடும்பத்தின் தரவுகளைப் பெற்றுக்கொண்ட காப்பீட்டுச் செயலி, நயனா என்னும் பெண் தன் வகுப்புத் தோழனை நெருங்கும்போதெல்லாம் பிரீமியத்தை உயர்த்துகிறது. காரணம் அவனுடைய சாதி என்று புரியும் இடத்தில் புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைத்துவிட்டேன். ஆனால் அடுத்த சில பக்கங்களிலேயே ஆழ்கற்றல் (தரவுகளிலிருந்து கணினி தானே கற்கும் ஒரு முறை) பற்றிய பாடம் தொடங்கிவிட, கதை தந்த பதற்றம் ஆறிப்போய்விட்டது. வரப்போகும் தொழில்நுட்பத்தை விளக்குவதற்கென்றே எழுதப்படும் கதைகள் காலம் கடந்து நிற்குமா? இதே தளத்தில் வேறு எந்தத் தொகுப்புகளை வாசிக்கலாம்?

நிரலர்:

அந்தக் கட்டுரைகளை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். மும்பைக் கதையில் சாதியைக் கணக்கில் எடு என்று அந்தக் கணினிக்கு யாரும் கட்டளையிடவில்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்ற ஒரே குறிக்கோளை மட்டும் கொடுத்தார்கள். ஊர் காலங்காலமாகக் கடைப்பிடித்த விலக்கலைத் தரவுகளிலிருந்து அது தானாகவே கற்றுக்கொண்டது. தரவுகளோடு அன்றாடம் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பொதுவாசகருக்கு இந்த நுட்பத்தை யாராவது நின்று விளக்கத்தான் வேண்டும். பத்துக் கதைகளையும் முதலில் வாசித்துவிட்டு, கட்டுரைகளைப் பின்னர் தனியாக வாசித்தால் உங்கள் மனக்குறை பெருமளவு நீங்கும். தானோட்டி வாகனங்களைப் பற்றிய இலங்கைக் கதையை நான் அப்படித்தான் வாசித்தேன்.

பழைய அலமாரி:

காலம் கடந்து நிற்பதைப் பற்றிக் கேட்டதால் ஐசக் அசிமோவின் ‘ஐ, ரோபோ’வை நினைவூட்ட விரும்புகிறேன். இதழ்களில் தனித்தனியாக வந்த ஒன்பது கதைகளை, சூசன் கால்வின் என்ற ரோபோ உளவியலாளரின் நினைவுகூரலாகக் கோத்து 1950இல் வெளியிட்ட நூல். அதிலுள்ள ‘ரன்அரவுண்ட்’, 1942இல் அச்சானது, 2015ஆம் ஆண்டில் புதன் கோளில் நடக்கிறது! அந்த ஆண்டு வந்து போய்விட்டது. புதனுக்கு மனிதர் எவரும் போகவில்லை. ஆயினும் கதைக்கு எந்தக் குறையும் நேரவில்லை.

அசிமோவின் ரோபோக்கள் மூன்று விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. இக்கதையில் செலினியம் என்ற தனிமத்தை எடுத்துவரச் சொல்லி ஒரு ரோபோவை அனுப்புகிறார்கள். கட்டளை அழுத்தமின்றிச் சொல்லப்பட்டது. ரோபோவோ விலை உயர்ந்தது என்பதால், தன்னைக் காத்துக்கொள்ளும் மூன்றாம் விதி அதற்குள் கூடுதல் வலுவுடன் பதிக்கப்பட்டிருந்தது. செலினியம் இருக்கும் ஆபத்தான குட்டையை நெருங்கினால் மூன்றாம் விதி பின்னுக்குத் தள்ளுகிறது, விலகினால் கீழ்ப்படிதல் பற்றிய இரண்டாம் விதி முன்னே இழுக்கிறது. இரண்டும் சமன்படும் தொலைவில் அது செக்குமாட்டைப் போலச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இறுதியில் ஒரு மனிதர் தம் உயிரையே ஆபத்தில் நிறுத்தி, மனிதருக்குத் தீங்கு நேர விடக்கூடாது என்னும் முதல் விதியைத் தூண்டித்தான் அதை மீட்க வேண்டியிருக்கிறது. நாம் சொன்ன சொல்லுக்கும் நாம் விரும்பியதற்கும் இடையிலுள்ள இடைவெளியை இயந்திரம் எப்படி நிரப்பும் என்ற கேள்வி, நிரலர் சொன்ன காப்பீட்டுச் செயலி வரைக்கும் நீள்கிறதே.

மடித்த நகரம்:

இரண்டு தொகுப்புகளைச் சொல்கிறேன். முதலாவது, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 2014இல் வந்த ‘ஹைரோகிளிஃப்’. பொறியாளர்களுக்கு ஊக்கம் தரும் கதைகள் வேண்டும் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் நீல் ஸ்டீபன்சனின் எண்ணத்திலிருந்து பிறந்த நூல் இது. அவருடைய கதையில் 20 கிலோமீட்டர் உயர எஃகுக் கோபுரம் எழுகிறது. எனக்கு அந்தக் கோபுரம் நினைவில் நிற்கிறது, மனிதர்கள் நிற்கவில்லை.

இரண்டாவது, கென் லியூ தொகுத்து மொழிபெயர்த்த ‘இன்விசிபிள் பிளானெட்ஸ்’, 2016. இதில் ஹாவ் ஜிங்ஃபாங்கின் ‘ஃபோல்டிங் பெய்ஜிங்’ இருக்கிறது. மூன்று வர்க்கங்கள் ஒரே நிலத்தை நேரம் பிரித்து வாழும் வகையில் அந்நகரம் 48 மணி நேரச் சுழற்சியில் மடிந்து விரிகிறது: 50 லட்சம் பேருக்கு 24 மணி நேரம், அடுத்த 2.5 கோடிப் பேருக்கு 16 மணி நேரம், 5 கோடி ஏழைகளுக்கு இரவின் 8 மணி நேரம். குப்பையைத் தரம் பிரிக்க இயந்திரம் கைவசம் இருந்தும், தொழிலாளர் வேலையிழப்பார்கள் என்று அதிகாரம் அதைத் தள்ளிவைக்கிறது. இதற்கு எந்தக் கட்டுரையும் தேவைப்படவில்லை.

கடைசிப்பக்கம்:

அனைவருக்கும் நன்றி. நிரலர் சொன்னபடி மும்பைக் கதையை மட்டும் நேற்றிரவு மீண்டும் வாசித்தேன். கட்டுரையைப் புரட்டாமல் விட்டபோது பதற்றம் அப்படியே தங்கியது. கட்டுரை பயனற்றது என்று இனிச் சொல்லமாட்டேன், அதை நூலின் கடைசியில் வைத்திருக்கலாம் என்ற கருத்தை மட்டும் மாற்றிக்கொள்வதாக இல்லை. அடுத்து மடியும் நகரத்திலிருந்து தொடங்குகிறேன்.