புதுப்பிப்பு: உருளைக்கிழங்குத் துப்பாக்கி இப்போது தெறிக்கிறது

பெங்களூரு அல்சூர் வீட்டில் பையனோடு உருளைக்கிழங்குத் துப்பாக்கி செய்கிறேன்; குழாயில் அடைத்த கிழங்குத் துண்டைக் காற்றழுத்தத்தால் தெறிக்கவிடும் பொம்மை அது. அதில் காற்று கசிகிறது, துண்டு பறக்காமல் வழுக்கி விழுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கத்தியே வேண்டாம், அலுமினியக் குழாயின் வாயையே கிழங்கில் குத்தி எடுங்கள் என்றவரின் யோசனைதான் பலித்தது. துண்டு இறுகி அடைக்கிறது. இரு முனையிலும் அப்படி அடைத்து, பின்துண்டைக் குச்சியால் சட்டென்று தள்ளினால் நடுவிலுள்ள காற்று நெருங்கி, அழுத்தம் ஏறி, முன்துண்டு ‘டப்’ என்று தெறிக்கிறது. இடம் சுருங்கினால் காற்றின் அழுத்தம் ஏறும் என்கிற பாயில் (Boyle) விதியைப் பையன் கையாலேயே உணர்ந்தான், எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

எதிர்பாராத ஒன்று: வதங்கிய கிழங்கு உதவாது, சாறுள்ளதுதான் காற்றைப் பிடிக்கிறது.

அப்புறம், பிவிசி பிளாஸ்டிக் குழாயில் தீப்பிடிக்கும் ஸ்ப்ரே அடித்துப் பற்றவைக்கும் பெரிய வகையைத் தொடப்போவதில்லை. அது வெடித்தால் கூரிய சில்லுகளாகச் சிதறும். இந்தச் சின்னதுக்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.