டிரெஸர் ஐயாவும் டீச்சரம்மாவும்: நிபோங் திபால் தோட்டத்து நினைவுகள்

சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு முன்னாள் மாணவி

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு டிரெஸர் ஐயா, டீச்சரம்மா என்றால் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. ஐயா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர். அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இருவரும் கத்தோலிக்கர்கள்; ஊர்ப் புனித அந்தோணியார் ஆலயத்துப் பங்கைச் (கோயில் வட்டாரத்தை) சேர்ந்தவர்கள். குடும்பத்தார் விளம்பரத்தை விரும்பாததால் பெயர்களை எழுதவில்லை. ஐயா முன்பே மறைந்துவிட்டார். அம்மா அண்மையில்தான் இறைவனில் இளைப்பாறினார். அடக்கத்தன்று பேசியவர்கள் ஐயாவுக்குக் கிடைத்த பி.ஜே.கே. என்ற பொதுச்சேவை விருதையும் அவர் வகித்த பொறுப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். அம்மாவைப் பற்றி, கணவருக்குத் துணை நின்றவர் என்ற ஒற்றை வரியோடு முடித்துக்கொண்டார்கள். அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆகவே, நேரில் கண்டவர்கள் கண்டதை இங்கே எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், நானே தொடங்குகிறேன்.

அம்மாவின் பொதுப்பணி முதலாம் வகுப்புச் சேர்க்கையில் தொடங்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததால் எங்கள் தோட்டங்களுக்குப் பள்ளிகள் வந்தன. பள்ளி வந்ததே தவிர, பிள்ளை பிறந்ததற்கான பத்திரம் பல வீடுகளில் இல்லை. பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை கிடைக்காது. அட்டை இல்லையென்றால் பிறகு எதுவுமே கிடைக்காது. இதைத் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்வதோடு அம்மா நிறுத்திக்கொள்ளவில்லை. நீல அட்டை போட்ட கணக்கு நோட்டு ஒன்றில் மூன்று பத்தியாகக் கோடு கிழித்து, முதலில் பிள்ளையின் பெயர், அடுத்துத் தாய் சொன்ன அடையாளம், அதற்கடுத்துத் தாம் கணித்த தேதி என்று எழுதி வைத்திருந்தார். “தீபாவளிக்கு முந்தின சம்பள நாள்”, “பெரிய துரை சீமைக்குப் போன மாதம், வெள்ளிக்கிழமை விடியற்காலை” என்றெல்லாம் அந்த நடுப்பத்தியில் இருக்கும். அதைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுவார். பிறகு ஐயா ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் புரட்டி, அந்தத் தாய் அந்த வாரத்தில் மருந்து வாங்கினாரா, பிரசவ விடுப்பில் இருந்தாரா என்று பார்த்துச் சொல்வார். இருவரும் ஒத்துப்போன பின்புதான் மருத்துவச்சியை அழைத்துக்கொண்டு சத்தியப் பிரமாணம் செய்யப் போவார்கள். பிரமாணப் பத்திரத்தில் பொய்யான தேதி ஒன்றுகூட ஏறக்கூடாது என்பதில் அம்மா காட்டிய கண்டிப்பு, வகுப்பில் காட்டிய கண்டிப்பைவிடக் கடுமையானது. என்னுடைய பிறப்புப் பத்திரம் அப்படித்தான் வந்தது.

பட்டர்வொர்த்திலிருந்து

என் பாட்டி இந்த மண்ணிலேயே பிறந்தவர். ஆனாலும் அவரிடம் இருந்தது, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரத்துக்கு) முன் இங்கே பிறந்தும் குடியுரிமை இல்லாதவர்கள் அதற்கு மனுச் செய்ய வேண்டும், ஓரளவு மலாய் பேசத் தெரிந்திருக்கவும் வேண்டும் என்ற நிபந்தனை தோட்டத்துக்குள் எட்டியபோது பலரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், தீம்பாரில் (ரப்பர்க் காட்டில்) பால் வெட்டி, ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு வருகிறவருக்கு எந்த அட்டையாக இருந்தால் என்ன என்ற எண்ணம்தான். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்தச் சிவப்பு நிறத்தின் பொருள் விளங்கியது. நாடு முழுவதும் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் அக்காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று சொல்வார்கள். எங்கள் லயத்திலிருந்தே (தொழிலாளர் வீட்டு வரிசையிலிருந்தே) பினாங்கு சென்று ரஜூலா கப்பலேறிய குடும்பங்கள் உண்டு. அவர்களில் சிலர் நாகப்பட்டினத்தை அதற்குமுன் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஐயா ஆஸ்பத்திரி மூடிய பிறகு மாலையில் மேசையைத் திண்ணைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மனு எழுதுவார். கார்பன் தாள் வைத்து, ஊதா மருந்துக் கறை படிந்த விரல்களால் அழுத்தி எழுதுவார்; அடிப்பிரதி அம்மாவிடம் போய்விடும். கத்தோலிக்கக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து சான்று எடுக்கலாம். எங்களைப் போன்ற சைவக் குடும்பங்களுக்கு அந்த வழி இல்லாததால், பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப்பதிவு) புத்தகங்களைத் தேடிப்பிடிக்கப் பெரிய கிராணியாரிடம் (தலைமை எழுத்தரிடம்) அவர் எத்தனை முறை நின்றிருப்பார் என்பது அவருக்கே வெளிச்சம்.

மலாய்ப் பாடம் அம்மாவின் பொறுப்பு. பாட்டிமார் ஏழெட்டுப் பேரைத் தரையில் உட்கார வைத்து, “சாயா கெர்ஜா போத்தோங் கெத்தா” (நான் ரப்பர் மரம் வெட்டும் வேலை செய்கிறேன்) என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்துதான் பாடத்தில் உட்கார வேண்டும். நேர்காணலில் அதிகாரி என் பாட்டியிடம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்க, பாட்டி பதில் சொன்னதோடு நில்லாமல், உங்களுக்கு எத்தனை பேர் என்று மலாயிலேயே திருப்பிக் கேட்டிருக்கிறார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்து, தமக்கு ஐந்து என்றாராம். அம்மா சொல்லிக் கொடுக்காத கேள்வி அது. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கைக்கு வந்த நாளில் பாட்டி மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தார். டீச்சரம்மா சொன்னதற்காக மாதா கோயிலிலும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்.

கூலிமிலிருந்து

எல்லாரும் நல்லதையே எழுதுகிறீர்கள். நானும் அவர்களை மதிக்கிறேன். ஆனால் ஐயாவோடு பழகுவது எளிதாக இருந்ததில்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். கள்ளுக்கடை விஷயத்தில் அவர் ஒரு பிடிவாதக்காரர். சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போகும் மண்பாதையின் முனையில் நின்று, வருகிறவர்களைப் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரிப்பார். திட்டமாட்டார், தடுக்கமாட்டார், நலம் மட்டும் விசாரிப்பார். அதுதான் தாங்க முடியாதது. என் தகப்பனார் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதே தகப்பனார், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்குவதற்காக மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 10 வெள்ளி (டாலர்) கட்டிப் பங்கு சேர்ந்தது டீச்சரம்மா சொன்னதால்தான். கள்ளுக்குப் போகிற காசு என்று அம்மா வாய் திறக்கவில்லை. சம்பளப் பணத்தில் அந்த 10 வெள்ளியை மாதம் தவறாமல் என் தாயாரிடம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். கணவர் பாதை முனையில் நின்று சாதிக்காததை மனைவி அடுப்படியில் உட்கார்ந்து சாதித்தார் என்று என் தாயார் சொல்லிச் சிரிப்பார். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாரியம்மன் திருவிழாவில் தீமிதி நடக்கும்போது ஐயா மருந்துப் பெட்டியோடு குழிக்கு அருகில் விடியும்வரை நிற்பார். வேதக்காரருக்கு (கிறிஸ்தவருக்கு) இங்கே என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. கோயில் தலைவரே எழுந்து அவருக்கு நாற்காலி போட்ட பின்பு அந்தப் பேச்சு அடங்கியது.

பாரிட் புந்தாரிலிருந்து, பங்கில் பல ஆண்டுகள் பாடகர் குழுவில் இருந்தவர்

கோயில் பணியைப் பற்றி இதுவரை யாரும் விரிவாக எழுதவில்லை. இவர்கள் திருமணமான காலத்தில் பூசை லத்தீனில் நடந்தது. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழில் பூசை வந்தபோது, வாசகத்தைத் தடுமாறாமல் வாசிக்கத் தோட்டத்து இளைஞர்களைப் பயிற்றுவித்தவர் டீச்சரம்மா. பால்வெட்டி வந்த கையோடு, ஒட்டுப்பால் வாடை போகாத சட்டையோடு நின்று எசாயா ஆகமத்தை வாசித்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் இவர்களுடைய பணியின் அளவை நான் உணர்ந்தது 1976 ஆகஸ்டில். தீபகற்ப மலேசியாவின் மூன்று மறைமாவட்டக் குருக்களும் ஆயர்களோடு பினாங்கில் ஒரு மாதம் கூடித் திருச்சபையின் எதிர்காலத்தை ஆராய்ந்தார்கள். அந்த மாதம் முழுவதும் பங்குகளைக் குருக்கள் அல்லாத பொதுநிலையினரே நடத்த வேண்டியிருந்தது. ஃபாதர் இல்லாத கோயிலுக்கு எதற்குப் போக வேண்டும் என்று தயங்கியவர்கள் நிறையப் பேர். ஞாயிறு வழிபாட்டை ஐயா நடத்தினார். நன்றாகப் பேசுவார், ஆனால் நீளமாகப் பேசுவார். முன்வரிசையில் அம்மா ஜெபமாலையைக் கையில் ஒருமுறை உருட்டினால் முடிக்க வேண்டும் என்று பொருள். அந்த மாதத்தில்தான் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தது. இறந்தவர் வறியவர்; உறவுகளும் அதிகமில்லை. ஐயா தச்சரோடு உட்கார்ந்து பெட்டி செய்ய, அம்மா இரவெல்லாம் அந்த வீட்டில் பெண்களோடு ஜெபமாலை சொன்னார். மறுநாள் கல்லறையில் குரு இல்லாமல் நடந்த அடக்கத்தில் ஜெபத்தை அம்மாவே முன்னின்று சொன்னார். ஒரு பெண் கல்லறைக் குழியருகே நின்று ஜெபம் சொல்வதை எங்களில் பலர் அன்றுதான் முதன்முதலில் பார்த்தோம். முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு வீடுவீடாகத் தொடங்கிய அன்பியக் கூட்டங்களில் (அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழுக்களில்) அந்த முணுமுணுப்பு மெல்ல மறைந்தது என்றால், அதற்குக் காரணம் அந்தக் கல்லறை ஜெபம்தான் என்பது என் எண்ணம்.

பிறகு, ஜூலை 26-ஆம் தேதி வரும் புனித அன்னம்மாள் திருவிழா. புக்கிட் மெர்தாஜாமுக்குத் தோட்டத்து லோரியில் பலகை போட்டு எங்களை ஏற்றிச் செல்வார்கள். பெயர்ப்பட்டியல் அம்மாவிடம், தண்ணீர்ப் பானையும் கட்டுத்துணியும் ஐயாவிடம். மெழுகுவத்திப் பவனி முடிந்து திரும்பும்போது பட்டியலில் ஒரு பெயர் குறைந்தாலும் லோரி நகராது.

தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பக்கத்து வீட்டுக்காரர்

தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து, ஆட்கள் குறைந்து, ஐயா ஓய்வு பெற்றபின் இருவரும் எங்கள் தாமானுக்குக் குடிவந்தார்கள். இடம் மாறியதே தவிர வாசலில் ஆட்கள் குறையவில்லை. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), சேமநிதி, சமூக நல இலாகா என்று பாரத்தின் பெயர்தான் மாறியது. புனித வின்சென்ட் தே பால் சபையின் உறுப்பினர்களாக வறிய குடும்பங்களைப் பார்க்க இருவரும் சேர்ந்தே புறப்படுவார்கள். அந்தச் சபையின் முறைப்படி இல்லச் சந்திப்புக்கு இருவராகத்தான் செல்ல வேண்டும்; யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பது வெளியே தெரியக்கூடாது. கூட்டத்தில் பையைச் சுற்றிவிடும்போதுகூட யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாது.

ஐயா போன பிறகு அம்மாவுக்கு இணையாகச் செல்ல ஆள் இல்லை. பங்கில் இருந்தவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் வர முடியாது. ஒருநாள் என் மனைவியைக் கூப்பிட்டு, “சும்மா எங்கூட நடந்து வாம்மா, போதும்” என்றார். நாங்கள் சைவர்கள். என் மனைவி பல ஆண்டுகள் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு நடந்தார். எந்த வீட்டுக்குப் போனார்கள், என்ன கொடுத்தார்கள் என்று என்னிடம் இன்றுவரை சொன்னதில்லை. வெளியாளை அழைத்துச் செல்லலாமா என்று சபைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஆளை நான் வேறு எங்கே போய்த் தேடுவது என்று அம்மா கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.