சாண்ட்மேன் பேரை அடித்துவிடலாமா? கென்டக்கி டெர்பி 2025, 17ஆம் கேட் தகராறு

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வாளையாறு அண்ணன் காலையில் போட்ட முன்னோட்டத்தைப் பார்த்தீர்களா? அமெரிக்காவில் லூயிவில் ஊரில் இருபது குதிரை ஓடுகிற கென்டக்கி டெர்பி ரேஸுக்கு ஒரே வரி: "சாண்ட்மேனுக்கு டிராவில் (குலுக்கலில்) 17ஆம் கேட் (குதிரை நின்று கிளம்புகிற கட்டம்) விழுந்துவிட்டது, பேரை அடித்துவிடுங்கள்." ஆர்கன்சா டெர்பியை ஜெயித்து வருகிற குதிரைங்க அது. முன்னோட்டமா, ராசி பலனா?

வாளையாறு வாத்தியார்:
தம்பி, ராசி பலன் இல்லை, சரித்திரம். 17ஆம் கேட்டிலிருந்து கிளம்பி கென்டக்கி டெர்பியை ஜெயித்த குதிரை ஒன்றுகூட இல்லை. 2020இல் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டிய டிஸ் தி லா 17இல் நின்றது. ஜெயித்தது பக்கத்தில் 18இல் நின்ற ஆத்தென்டிக். போன வருஷம் ஃபியர்ஸ்னெஸுக்கும் டிராவில் 17தான். அதுவும் ஃபேவரிட். வந்தது பதினைந்தாவதாக.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அந்த ஃபியர்ஸ்னெஸைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது யாருங்க? 17 அப்போது தெரியவில்லையா?
இன்னொன்று. 16இலிருந்து ஜெயித்தது 2011இல் அனிமல் கிங்டம், 2013இல் ஆர்ப். 19இலிருந்து 2012இல் ஐல் ஹேவ் அனதர். 20இலிருந்து 2008இல் பிக் பிரவுன். நடுவில் 17க்கு முன்னால் மட்டும் குழி வெட்டி வைத்திருக்கிறார்களா?

வாளையாறு வாத்தியார்:
16, 18, 19, 20 எல்லாம் சொன்னீர்கள். 17 சொல்லுங்கள்.

சித்தூர் டீச்சர்:
(பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராவா என்று மறுபடி கேட்காதீர்கள்.) வெளிக் கேட்டில் நிற்கிற குதிரை முதல் வளைவில் அகலமாகச் சுற்ற வேண்டும், அது நிஜமான கஷ்டம். ஆனால் சாண்ட்மேன் பின்னாலிருந்து வருகிற ரகம். முதல் வளைவில் இடம் பிடிக்க அதற்கு என்ன அவசரம்? 2022இல் ரிச் ஸ்ட்ரைக் கடைசிக் கேட்டிலிருந்து கிளம்பி, கூட்டத்துக்குப் பின்னால் கிடந்து, நேர்ப்பாதையில் உள்வேலியோரமாகப் புகுந்து 80க்கு 1இல் (ஒரு ரூபாய் கட்டினால் எண்பது ரூபாய் லாபம்) ஜெயிக்கவில்லையா?

வாளையாறு வாத்தியார்:
டீச்சர், அது 20. நான் கேட்டது 17.

ஆனைமலை ரேக்ளா:
யாரோ அமெரிக்காவில் விடுகிற குதிரைக்கு இங்கே மல்லுக்கட்டு. நம் காங்கேயம் காளை 200 மீட்டர் பறப்பதை ஒருத்தராவது இப்படி அலசியதுண்டா?

வாளையாறு வாத்தியார்:
200 மீட்டர் எங்கே, இரண்டு கிலோமீட்டர் எங்கே? வண்டிப் பேச்சை வண்டிக்காரர்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனைமலை ரேக்ளா:
சரிங்க பெரிய மனுஷரே. ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தைப் போன வருஷம் அரசு பூங்காவுக்கென்று எடுத்துக்கொண்டபோது உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இப்போது லூயிவில் பக்கம் வீரம்.

சித்தூர் டீச்சர்:
பூங்கா வந்தால் நல்லதுதானே?

ஆனைமலை ரேக்ளா:
ஊட்டியில் பூங்காவுக்கா பஞ்சம்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஊட்டியை விடுங்கள். அண்ணே, உங்கள் குதிரைதான் எது?

வாளையாறு வாத்தியார்:
ஜர்னலிசம், 3க்கு 1. கேட் 8. 2023இல் மேஜ் ஜெயித்ததும் 8இலிருந்துதான். சான்டா அனிட்டா டெர்பியில் வளைவில் நசுங்கி, இடம் கிடைத்ததும் பிய்த்துக்கொண்டு வந்த குதிரை. 17இல் நிற்கிற எதுவும் அதைத் தொடாது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சான்டா அனிட்டாவில் ஓடியது மொத்தமே ஐந்து குதிரை. ஐந்தில் நசுங்கியது இருபதுக்கு நடுவில், மூஞ்சியில் மண் வாங்கிக்கொண்டு என்ன செய்யும்? 18இல் சாவரின்டி நிற்கிறது, பில் மாட் பயிற்சி. ஃபவுண்டன் ஆஃப் யூத் ரேஸை ஜெயித்தது. அதைப் பற்றி ஒரு எழுத்து உண்டா?

வாளையாறு வாத்தியார்:
17க்குப் பக்கத்தில் நிற்பதே தரித்திரம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஆத்தென்டிக் அங்கேதானே நின்று ஜெயித்தது!!! நீங்களே எழுதியது, மேலே இருக்கிறது.

சித்தூர் டீச்சர்:
பேசா என்கிற குதிரையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. 21ஆவதாகக் காத்திருக்கிறது, யாராவது விலகினால் உள்ளே வரும். சான்டா அனிட்டாவில் ஜர்னலிசத்துக்கு முக்கால் உடல் நீளம்தான் பின்னால். இதன் அம்மா பூகா பெற்ற மேஜ் 2023இல் இதே டெர்பியை ஜெயித்தது, டோர்னாக் 2024இல் பெல்மான்ட் ரேஸை. இந்த வயிற்றுக்கு என்ன மரியாதை?

வாளையாறு வாத்தியார்:
ஓடுமா என்றே தெரியாத குதிரைக்கு வம்ச வரலாறு வேறு.

சித்தூர் டீச்சர்:
ஓடாத கேட்டுக்கு நீங்கள் காலையிலிருந்து பாடுகிறீர்களே.

வாளையாறு வாத்தியார்:
யாரும் பதில் சொல்லவில்லை, குறித்துக்கொள்கிறேன். ராத்திரி சிட்டிசன் புல்லைப் பற்றி எழுதுகிறேன். 1ஆம் கேட். 1986இல் ஃபெர்டினாண்டுக்கு அப்புறம் அங்கிருந்து ஒன்றும் ஜெயித்ததில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஆரம்பித்துவிட்டார்.